அச்சத்தின் நிலைக்களன்கள்: ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரும் மட்டக்களப்பு வாவிக்கரையின் அனுபவமும்

1. தோற்றுவாய்

தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாற்றை ஆராய முற்படுவோர் குடும்ப நாடகங்களுக்கும் திரைப்பட நிகழ்ச்சிகளுக்கும் அளிக்கும் கவனத்தை மர்மத் தொடர்களுக்கு அளிப்பதில்லை. பேய், தெய்வ ஆவேசம், சித்தர் மருத்துவம், விஞ்ஞானக் கண்டுபிடிப்பு ஆகியவற்றை ஒருங்கே கலந்து கதை சொல்லும் இவ்வகைத் தொடர்கள் பொழுதுபோக்குச் சரக்குகளாக மட்டுமே கொள்ளப்பட்டு வந்துள்ளன. அவை சரக்குகளே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சரக்கு பெருந்தொகையான மக்களால் விரும்பி நுகரப்படுமிடத்து, அது எத்தேவையை நிறைவு செய்கிறது என்ற வினாவும், அத்தேவையை எவ்வாறு திசை திருப்புகிறது என்ற வினாவும் இலக்கிய மாணவன் தவிர்க்கக்கூடாத வினாக்களாகின்றன.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் தொடர் ‘மர்மதேசம்’ ஆகும். இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தின் தயாரிப்பாக, 1990களின் நடுப்பகுதி தொடக்கம் 2001 வரையான காலப்பகுதியில் சன், ராஜ் ஆகிய தொலைக்காட்சிகளில் இது ஒளிபரப்பாகியது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என ஐந்து கதைகள் இப்பொதுப் பெயரின் கீழ் அமைந்தன. முதலிரு கதைகளை நாகா இயக்கினார்.

இத்தொடரை நாம் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நோக்காது, மட்டக்களப்பு வாவியின் வடபாலமைந்த ஏறாவூரிலிருந்து நோக்க முற்படுகிறோம். இதற்குக் காரணம் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் வேலிக்கு வேலி வாழும் இப்பிரதேசத்தில் பேயும் பூதமும் ஜின்னும் இன்றும் பேச்சு வழக்கில் உயிர்ப்புடன் உள்ளன. அதே வேளை, 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இம்மக்கள் அனுபவித்த அச்சம் பேயினால் விளைந்ததன்று. கற்பனையான அச்சத்தையும் மெய்யான அச்சத்தையும் அருகருகே வைத்து அளந்து பார்ப்பதற்கு இத்தகைய ஒரு களம் வேண்டப்படுகின்றது.

2. தொல்காப்பியம் கூறும் நான்கு

அச்சம் பற்றிய ஆய்வுக்கு மேலைநாட்டு உளவியலை மட்டும் நாடவேண்டிய தேவை தமிழ் மாணவனுக்கு இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வகுக்கின்றது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. உரைகாரர் பேய், பூதம் முதலியவற்றை அணங்கினுள் அடக்குவர். இறை என்பது தம்மை ஆள்வோனைக் குறிக்கும்.

இந்நான்கினையும் வெறும் பட்டியலாகக் கொள்ளுதல் போதாது. அணங்கு மனிதனுக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படுவது. விலங்கு இயற்கையைச் சார்ந்தது. கள்வர் உடைமை தோன்றிய சமூகத்துக்கு உரியவர். இறை வர்க்கங்களாகப் பிளவுண்ட சமூகத்தில் மக்களுக்கு மேலாக நிற்கும் அதிகாரம். அரசனிடத்துக் கொள்ளும் அச்சத்தைப் பேயிடத்துக் கொள்ளும் அச்சத்தோடு ஒரே வரிசையில் வைத்த நூலாசிரியன், தன் காலத்துச் சமூகத்தைக் கண் திறந்து பார்த்தவன் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வியலிலேயே மருட்கை எனப்படும் வியப்பும் ஒரு மெய்ப்பாடாகக் கூறப்படுகின்றது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அதன் நிலைக்களன்கள். இன்று விஞ்ஞானப் புனைகதை என நாம் வழங்கும் வகை மருட்கையைச் சார்ந்தது. பேய்க்கதை அச்சத்தைச் சார்ந்தது. மர்மத் தொடரோ இவ்விரண்டையும் ஒரே கலத்தில் பரிமாறுவது. மருட்கை வினாவை எழுப்பும். அச்சம் வினாவை அடக்கும். இவற்றுள் எது எதனை வெல்கின்றது என்பதைக் கொண்டே ஒவ்வொரு தொடரின் கருத்துநிலைச் சார்பும் தீர்மானிக்கப்படுகின்றது எனலாம்.

நமது இலக்கிய மரபில் அணங்கு இறைக்குத் துணை நின்ற வரலாறும் உண்டு. புறப்பாடல்களின் பேய்மகளிர் போர்க்களத்துக்கு உரியவர். அம்மரபின் முதிர்ந்த வடிவத்தை 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘கலிங்கத்துப் பரணி’யில் காண்கிறோம். சயங்கொண்டாரின் பேய்கள் பசியால் வாடுகின்றன. முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை அழித்த பின்னர் பிணங்களைக் கொண்டு கூழடுகின்றன. ஆயிரக்கணக்கானோரின் சாவு பேய்களின் விருந்தாக உருமாற்றப்படும்போது, போரை நடத்திய அரசு கேள்விக்கு அப்பாற்பட்டதாகின்றது. இறையின் வன்முறையை அணங்கின் பசியாகக் காட்டும் உத்தி தொலைக்காட்சிக்கு முன்னரே தமிழில் வேரூன்றியிருந்தது.

3. களவெட்டியிற் பூதம்

மட்டக்களப்பைப் பற்றி ஏனைய பிரதேசத்தார் கொண்டிருந்த மனப்படிமத்தில் மந்திரம் முதலிடம் பெறுகின்றது. இங்கு வருவோரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவர் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிய கூற்று. தாய்வழிக் குடிமுறையும், பெண்களுக்குச் சீதனமாகச் செல்லும் நிலவுடைமையும், மணஞ்செய்தவன் மனைவியின் ஊரிலே தங்கிவிடும் வழக்கமும் நிலவிய ஒரு சமூகத்தைத் தந்தைவழி மரபில் ஊறியோர் விளங்கிக்கொள்ள முயன்றபோது, சமூக அமைப்பின் வேறுபாடு மந்திரத்தின் ஆற்றலாகத் தோன்றியது. கூற்றிலுள்ள பாய், உண்மையில் ஒரு சொத்துரிமை முறையின் உருவகமாகும்.

இப்பிரதேசத்துப் பேய் நம்பிக்கைகளும் உற்பத்தி வாழ்வோடு பிணைந்தவை. நெற்செய்கையின் இறுதிக் கட்டமாகிய சூடடிப்பு நிகழும் களவெட்டியில் அன்றாடச் சொற்களை வழங்குவதில்லை. நெல்லைப் பொலி என்பர். வேறு பொருள்களுக்கும் களத்துக்கே உரிய மாற்றுப் பெயர்கள் உண்டு. பூதங்கள் பேச்சைக் கேட்டுப் பொலியைக் கவர்ந்து சென்றுவிடும் என்பது நம்பிக்கை. இவ்வழக்கினை அறியாமையின் எச்சமெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் உழைப்பின் பயன் குவிந்து கிடக்கும் அந்த ஓரிடத்திலேயே அது குறைந்துவிடும் என்ற அச்சம் தோன்றுவதேன்? போடியாரின் பங்கு, முல்லைக்காரனின் பங்கு, வட்டைவிதானையின் பங்கு, கடனுக்குரிய பங்கு எனப் பொலி பிரிக்கப்பட்டதும் அக்களவெட்டியிலேதான். கண்ணெதிரே அளந்து செல்வோரைப் பெயர் சொல்ல முடியாதவன், கண்ணுக்குத் தெரியாமற் கவர்ந்து செல்லும் பூதத்துக்குப் பெயரிட்டான். அது பிழையான விடையாயினும், குவியல் குறைகின்றது என்ற அவதானம் சரியானது.

ஏறாவூர்ப் புறத்தில் இந்நம்பிக்கைகள் மத எல்லையைக் கடந்தவை. தமிழ்க் கிராமங்களிற் கழிப்புக் கழித்தலும் நூல் கட்டுதலும் போல, முஸ்லிம் குடும்பங்களில் ஓதிப் பார்த்தலும் தாயத்துக் கட்டுதலும் வழங்கின. நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சமூகத்தவர் மற்றச் சமூகத்தின் பரிசாரியிடமோ ஓதுபவரிடமோ செல்லும் வழக்கமும் இங்கு இருந்தது. வைத்தியசாலை தொலைவிலும் வறுமை அண்மையிலும் இருந்த காலத்தில், அணங்கைப் பற்றிய பொதுவான அச்சமே அயலவர்க்கிடையே ஒரு பொதுவான பரிகார முறையையும் உருவாக்கியிருந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இவ்வுண்மை சிறப்பான கவனத்துக்குரியதாகின்றது.

4. அச்சிலிருந்து திரைக்கு

மக்கள் கூட்டாக வைத்திருந்த அச்சம் தனிமனித நுகர்வுக்குரிய சரக்காக மாறியது முதலாளித்துவ அச்சுப் பண்பாட்டின் காலத்திலாகும். ஐரோப்பாவில் 1764இல் வெளிவந்த ஹொரஸ் வால்போலின் ‘ஒற்றான்ரோக் கோட்டை’ சரிந்துகொண்டிருந்த பிரபுத்துவத்தின் மாளிகையைப் பேய் வீடாக்கியது. 1818இல் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ விஞ்ஞானி படைத்த உயிர் விஞ்ஞானியை அழிக்க வருவதைச் சித்திரித்தது. ஆலைகளில் இயந்திரங்கள் உடைக்கப்பட்ட காலத்தை அடுத்து அந்நாவல் தோன்றியமை தற்செயலன்று. 1867இல் ‘மூலதன’த்தின் முதற் பாகத்தை வெளியிட்ட மார்க்ஸ், மூலதனத்தின் இயல்பை விளக்க இரத்தம் உறிஞ்சும் பேயையே உருவகமாகக் கொண்டார். பேய்க்கதை ஏட்டில் பேயின் பின்னாலுள்ள சமூக உறவு மறைந்து நின்றது. மார்க்ஸ் அவ்வுறவை வெளியே இழுத்துப் போட்டார்.

தமிழில் துப்பறியும் கதையும் மர்மக் கதையும் வாரவிதழ்களிலும் மாத நாவல்களிலும் வளர்ந்தன. விஞ்ஞானப் புனைகதைக்குப் பரந்த வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தவர் சுஜாதா. ‘ஆனந்த விகடன்’ தொடராக வந்த அவரது ‘என் இனிய இயந்திரா’ 21ஆம் நூற்றாண்டின் ஒரு சர்வாதிகார ஆட்சியையும், ஜீனோ என்னும் இயந்திர நாயையும் கற்பனை செய்தது; பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இக்கதையில் அச்சத்தின் நிலைக்களன் நேரடியாகவே இறையாகும். ஆயின் அது வருங்கால இறை. நிகழ்கால இறைக்கு அதனால் இடையூறில்லை.

1991இல் இந்தியப் பொருளாதாரம் தனியார் மூலதனத்துக்கு மேலும் திறந்துவிடப்பட்டமையும், 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியமையும் ஒரே வரலாற்றுப் போக்கின் இரு நிகழ்ச்சிகள். அரசின் தொலைக்காட்சி அறிவுரையை விற்றது. தனியார் தொலைக்காட்சி விளம்பரதாரருக்குப் பார்வையாளரின் நேரத்தை விற்றது. அந்நேரத்தை வாரந்தோறும் தவறாது பிடித்து நிறுத்துவதற்கு மர்மத்தினும் உகந்த கருவி வேறில்லை. விடை ஒத்திவைக்கப்படும் வரை பார்வையாளன் திரும்பி வருவான். மர்மம் என்பது இங்கு ஒரு பொருள் மட்டுமன்று. அது ஓர் உற்பத்தி முறை. பகுத்தறிவு இயக்கத்தின் அரசியல் வாரிசுகளோடு குடும்ப உறவுடைய ஒருவரால் நிறுவப்பட்ட தொலைக்காட்சியே இத்தொடருக்கு மேடையமைத்தது என்பதும், சந்தையின் தேவை கொள்கையின் தேவையை எவ்வளவு எளிதில் மேவுகின்றது என்பதைக் காட்டும்.

5. ‘ரகசிய’மும் ‘கருப்பு’ம்

‘மர்மதேச’த்தை அக்காலத்து மலினமான பேய்ப்படங்களோடு ஒன்றாக எண்ணுதல் நியாயமாகாது. அதன் சிறந்த பகுதிகள் அச்சத்தை விசாரணைக்கு உட்படுத்துகின்றன.

‘ரகசியம்’ சித்தர் மரபில் வந்ததாகச் சொல்லப்படும் நவபாஷாண லிங்கமொன்றை மையமாகக் கொண்டது. ஊரார் கண்ணில் அது தெய்வம். அதனை நாடி வருவோர் கண்ணில் அது விலை மதிப்பற்ற மருந்து. இரவில் நிகழும் சாவுகளுக்குத் தெய்வ கோபம் காரணமா, மனித சூழ்ச்சி காரணமா என்ற ஐயத்திலே கதை நகர்கின்றது. நுணுகி நோக்கின், இங்கு மோதிக்கொள்பவை பக்தியும் விஞ்ஞானமும் அல்ல. ஊரின் பொதுவுடைமையாக இருந்த ஒரு மருத்துவ அறிவு யாருடைய தனியுடைமையாக வேண்டும் என்பதே மோதல். பாரம்பரிய மருந்துகள் காப்புரிமைப் பொருள்களாக மாற்றப்படுவது குறித்துப் பரவலான விவாதம் எழுந்த 1990களில் இக்கதை வந்தது. மஞ்சளின் காயமாற்றும் பயன்பாட்டுக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் எதிர்ப்பின் பேரில் 1997இல் நீக்கப்பட்டது. மர்மக்கதை தன் காலத்தின் மெய்யான மர்மத்தைத் தொட்டு நின்றது எனினும் அதன் பெயரை உச்சரிக்கவில்லை.

‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலைத் தழுவிய ‘விடாது கருப்பு’ இதனினும் ஆழமானது. தவறிழைத்தோரைக் குதிரை மீது வரும் கருப்பு இரவில் தண்டிப்பதாக ஒரு கிராமம் நம்புகின்றது. மதுரைப் பிரதேசத்தில் கருப்பசாமி ஊர்க்காவல் தெய்வம். அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பின் முன் வழக்குகளுக்குச் சத்தியம் செய்யும் மரபு உண்டு. நீதிமன்றத்தை எட்ட இயலாத மக்கள் தமக்கென வைத்திருந்த நீதிமன்றமே அத்தெய்வம். தொடரில் உளவியல் துணைக்கு அழைக்கப்படுகின்றது. குதிரை மீது வந்தது பிளவுண்ட ஆளுமையால் பாதிக்கப்பட்ட ஒரு மனிதனே என்பது இறுதியில் புலனாகின்றது. சிறுவயதில் மனத்தில் விழுந்த காயம் தெய்வத்தின் உருவில் எழுந்துள்ளது.

இங்கு அச்சம் அணங்கிலிருந்து மனிதனுக்கு இறக்கப்படுகின்றது. இது முற்போக்கான ஓர் இயக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவ்வியக்கம் இடைவழியில் நின்றுவிடுகின்றது. ஊரில் அநீதி நிலவியது, அதற்கு முறையான பரிகாரம் இல்லாதிருந்தது என்பது நோயாளி ஒருவனின் உள்ளத்துக்குள் அடக்கப்படுகின்றது. ஊருக்கு ஏன் கருப்பு வேண்டியிருந்தது என்ற வினா, ஒருவனுக்கு ஏன் கருப்பு பிடித்தது என்ற வினாவாகச் சுருங்குகின்றது. மேலும், தெய்வத்தின் பீடம் கதையில் அசைக்கப்படுவதில்லை. நம்புவோன் தன் நம்பிக்கையோடும் ஐயுறுவோன் தன் ஐயத்தோடும் வீடு செல்லலாம். இருவரையும் அடுத்த தொடருக்கு வாடிக்கையாளராக வைத்திருக்கும் வாணிபச் சமநிலை இது.

சுருங்கக் கூறின், ‘மர்மதேசம்’ தொல்காப்பியம் கூறும் முதல் மூன்று நிலைக்களன்களினூடாகப் பயணம் செய்கின்றது. அணங்கெனத் தோன்றியது விலங்காகவோ கள்வராகவோ நோயாளியாகவோ முடிகின்றது. நான்காவதாகிய இறையிடம் அது செல்வதில்லை. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜனின் கதையாற்றலைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. தனிமனித ஆற்றல் எவ்வளவு பெரிதாயினும், அது இயங்கும் உற்பத்தி நிறுவனம் அதற்கு எல்லை வகுக்கின்றது என்பதே நாம் கூற விழைவது.

6. நான்காவது நிலைக்களனும் அமெரிக்கத் தொடர்களும்

இறையை அச்சத்தின் நிலைக்களனாகக் காட்டிவிட்டால் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு அமெரிக்கத் தொடர்கள் விடை தருகின்றன. 1993இல் தொடங்கிய ‘எக்ஸ் பைல்ஸ்’ வேற்றுலகவாசிகள் பற்றிய உண்மையை அரசாங்கமே மறைப்பதாகக் கதை அமைத்தது. 2016இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’, 1983ஆம் ஆண்டின் ஒரு சிற்றூரில் சிறுவனொருவன் காணாமற்போவதையும், அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றின் பரிசோதனைகளே கொடிய உருவை இவ்வுலகுக்கு வரவழைத்தமையையும் சித்திரித்தது. பின்னதற்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. 1953இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் தொடங்கி, அறியாத மனிதர் மீதும் போதை மருந்துகளைப் பரிசோதித்த எம்.கே. அல்ட்ரா திட்டம் 1975இல் பகிரங்கமாகியது.

எனினும் இங்கும் ஒரு திரை விழுகின்றது. முதலாவதில் அரசின் குற்றம் முடிவில்லாத சதியாக விரிந்து, எவராலும் அறிய முடியாத மற்றுமொரு மர்மமாகிவிடுகின்றது. இரண்டாவதில் அது 1980களின் பாடல்களோடும் உடைகளோடும் சேர்த்துக் கடந்தகால ஏக்கமாக விற்கப்படுகின்றது. இறை அணங்காக்கப்படுகின்றது எனலாம். எங்கும் நிறைந்ததாகவும் வெல்ல முடியாததாகவும் சித்திரிக்கப்படும் அதிகாரத்தின் முன் பார்வையாளன் அஞ்சலாம், வியக்கலாம். கணக்குக் கேட்க முடியாது. ஆகவே இறையைக் காட்டுவதும் இறையிடம் கணக்குக் கேட்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்த நாம் மீண்டும் வாவிக்கரைக்கு வரவேண்டியுள்ளது.

7. ஏறாவூர்: 1990உம் 2011உம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து கிழக்கிலங்கையில் நிகழ்ந்தவை எந்தப் பேய்க்கதைக்கும் அடங்காதவை. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவும் மறுநாள் அதிகாலையும் ஏறாவூரின் முஸ்லிம் குடியிருப்புகளுள் அவர்கள் புகுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அதையடுத்து அயலிலுள்ள தமிழர் மீது பழிவாங்கும் கொலைகள் நிகழ்ந்தன. செப்டெம்பர் 5இல், ஏறாவூருக்கு அண்மையில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் 158 பேர் அரச படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள்களின் பின்னர் சத்துருக்கொண்டானில் மற்றொரு படுகொலை நிகழ்ந்தது. ஒரே பரிசாரியிடம் சென்ற அயலவர் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை சில வாரங்களுள் உருவாக்கப்பட்டது.

இவ்வச்சத்துக்குச் செய்தித்தாளின் மொழி என்ன பெயர் கொடுத்தது என்பது நம் ஆய்வுக்கு முதன்மையானது. ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல் போர்க்கால ஈழத்துப் பத்திரிகைகளில் நிலைபெற்றது. சுட்டவர் இனந்தெரியாதோர், கடத்தியவர் இனந்தெரியாதோர். பெயர் சொல்லின் அடுத்த இலக்கு தானே என்பதை அறிந்த நிருபர் அச்சொல்லைக் கையாண்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், ஊரறிந்த ஆயுததாரிகள் உருவமற்ற அணங்குகளாக மாற்றப்பட்டதன் மொழியியற் சான்று இது.

மக்களோ வேறொரு வழியை நாடினர். போர்க்கால மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் பற்றிசியா லோரன்ஸ், தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடம் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் வந்து விடை தேடியதைப் பதிவு செய்துள்ளார். பொலிஸ் நிலையத்திற் கேட்க முடியாத வினா அம்மன் சந்நிதியிற் கேட்கப்பட்டது. இதனை மூடநம்பிக்கை என்று கூறி அமைதல் ஆய்வாகாது. இறையைப் பற்றிப் பேசத் தடை விதிக்கப்பட்ட இடத்தில் அணங்கின் நாவினால் இறையைப் பற்றிப் பேசிய செயல் அது. தொலைக்காட்சியின் பேய் குற்றத்தை ஒத்திவைத்தது. கோயிலின் தெய்வம் குற்றம் நிகழ்ந்தது என்பதையாவது உரக்கச் சொல்லியது.

போர் முடிந்து இரண்டாண்டுகளின் பின்னர், 2011 ஓகஸ்டில், கிறீஸ் பூதம் பற்றிய பீதி நாட்டின் பல பகுதிகளிற் பரவியது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் ஊர்களும் அதற்கு விலக்காகவில்லை. இரவில் வீடுகளுள் புகுந்து பெண்களைத் தாக்குவோர் உலவுவதாக மக்கள் கூறினர். இதன் பெயரமைப்பு நம் கவனத்துக்குரியது. உடலில் கிறீஸ் பூசிப் பிடியிலிருந்து வழுகிச் செல்பவன் பழைய கதைகளில் ஒரு கள்வன், பூதமோ அணங்கு. தமிழ்ப் பத்திரிகைகள் இன்னொரு பெயரையும் வழங்கின: ‘மர்ம மனிதர்’. தொலைக்காட்சி பழக்கப்படுத்திய சொல் செய்தித் தலைப்பாகியது.

ஆனால் மக்கள் தொலைக்காட்சிப் பார்வையாளராக இருந்துவிடவில்லை. அடுத்த வாரத்துக்குக் காத்திராமல் இரவுக் காவல் அமைத்தனர், துரத்தினர், துரத்தப்பட்டோர் படைமுகாம்களுள் புகுந்ததாகக் குற்றஞ்சாட்டினர். கிண்ணியாவில் மக்கள் கடற்படை முகாமைச் சூழ்ந்தனர். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் படையினரோடு ஏற்பட்ட மோதலின் பின்னர் பலர் இரவோடிரவாகத் தாக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தினரால் உயிரிழந்தார். அரசு இவற்றை வதந்தியெனக் கூறியது. இதே மாத இறுதியில் அவசரகாலச் சட்டவிதிகள் நீங்கின.

இந்நிகழ்ச்சிகளில் வதந்திக்குப் பங்கில்லை எனக் கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். ஐயத்துக்குள்ளான அப்பாவிகள் அடிபட்டனர். கூட்ட வன்முறை உயிர்களைப் பறித்தது. அதனை வீரமெனப் போற்றுதல் தகாது. எனினும், வதந்தியினுள்ளும் ஒரு தருக்கம் உண்டு. பூதம் என்ற பெயரில் தொடங்கிய அச்சம், அது மனிதன் என்ற முடிவுக்கும், அவன் எங்கே ஓடினான் என்ற வினாவுக்கும், அவனைக் காப்பவர் யார் என்ற வினாவுக்கும் சில நாள்களுள் வந்து சேர்ந்தது. அணங்கு, கள்வர், இறை என்ற வரிசையை மக்கள் முழுமையாகவே கடந்தனர். ஐந்து தொடர்களில் ‘மர்மதேசம்’ எட்டாத இடம் அது. அந்த வினாவுக்கு உரிய விசாரணை கிடைத்திருப்பின் கூட்ட வன்முறைக்கும் இடமிருந்திராது. காரணம் கேட்கும் வழி அடைக்கப்பட்ட சமூகத்திலேயே வதந்தி சாட்சியத்தின் இடத்தைப் பிடிக்கின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுத்துக்கொள்ளலாம். பேய், பூதம், விஞ்ஞான வியப்பு ஆகியவற்றைக் கையாளும் கலை வடிவங்கள் தம்மளவிற் பிற்போக்கானவையுமல்ல, முற்போக்கானவையுமல்ல. களவெட்டிப் பூதம் உழைப்பின் பயன் பறிபோவதைப் பிழையான பெயரால் உணர்த்தியது. பரணியின் பேய் அரசின் போரை மறைத்தது. கோயிலின் வாக்கு மறைக்கப்பட்ட கொலையைப் பேசியது. அச்சம் எந்த நிலைக்களனிலிருந்து எந்த நிலைக்களனுக்கு நகர்த்தப்படுகின்றது என்பதே அளவுகோல்.

அவ்வளவுகோலின்படி ‘மர்மதேசம்’ தமிழ் மர்மத் தொடர்களுள் தனியிடம் பெறுகின்றது. கண்ணை மூடிக்கொள்ளுமாறு அது பார்வையாளனிடம் கூறவில்லை. ஆனால் மர்மத்தை விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம், மர்மங்கள் தீர்க்கப்பட வேண்டியவை என்ற உணர்வை ஓர் எல்லைக்கு மேல் வளர்க்க இயலாது.

ஈழத்தில் இவ்வுணர்வு வெறும் அழகியற் பிரச்சினையன்று. காணாமலாக்கப்பட்டோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆயினும் வந்தாறுமூலையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் உறவினர்க்கும், ஏறாவூரில் ஒரே இரவிற் குடும்பத்தை இழந்தோர்க்கும் ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லுக்கு மேல் நீதியான விடை கிடைக்கவில்லை. இரு சமூகத்தவரும் தத்தம் இழப்பை மட்டும் நினைவுகூருமாறு பழக்கப்பட்டுள்ளனர். அன்று அஞ்சிய பெண்கள் முதுமையடைந்துவிட்டனர். அவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. எஞ்சியோர் தம் அச்சத்துக்கு எப்பெயர்களை இட்டனர், எப்பெயர்களைச் சொல்லாது விட்டனர், எச்சொல்லால் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை செய்தனர் என்பவற்றை வாவிக்கரையின் தமிழ், முஸ்லிம் ஊர்களில் ஒருங்கே சேகரித்தல் வேண்டும். அது நாட்டாரியற் பணி போலத் தோன்றலாம். உண்மையில் அது சாட்சியங்களைத் திரட்டும் பணியாகும். தமிழ்த்துறை மாணவர் கூத்துப் பாடல்களைத் தேடிச் சென்ற அதே கிராமங்களுக்கு இவ்வினாக்களுடன் மீண்டும் செல்லவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.